அத்தியாயம் 7: காற்றோடு வரும் எண்ணெய்

ஓவனிலிருந்து வெளியே வரும் தகட்டில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், பட்டறையில் முதலில் கேட்கும் குரல், ‘அண்ணே, இந்த லாட் பவுடர் சரியில்லை’ என்பதுதான். உடனே சப்ளையருக்குப் போன் போகும். அவர் வேறு பெட்டி அனுப்புவார். குழி அப்படியே இருக்கும். அடுத்து ஓவன் வெப்பநிலையைக் கூட்டிப் பார்ப்பார்கள். டிகிரீசிங் டேங்கில் கெமிக்கலை மாற்றுவார்கள். கன்னில் கிலோவோல்ட்டைக் குறைப்பார்கள். நாள்கள் ஓடும், ரீவொர்க் குவியும். எல்லாம் முடிந்த பிறகுதான் யாராவது கம்ப்ரசர் டேங்கின் டிரெயின் வால்வைத் திறப்பார்கள். வெளுத்துக் குழம்பிய, எண்ணெய் கலந்த தண்ணீர் கொட்டும்.

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதன்மேல் சந்தேகம் கடைசியாக வருகிறது. ஆனால் பவுடர் கோட்டிங்கில் காற்று தொடாத இடமே கிடையாது. ஹாப்பரில் பவுடரை மிதக்க வைப்பது காற்று. அதை ஹோஸ் வழியாகக் கன்னுக்கு இழுத்து வருவது காற்று. கன் முனையில் பவுடர் ஒட்டாமல் காப்பதும் காற்று. கழுவிய ஜாபின் மடிப்பில் தேங்கிய தண்ணீரை ஊதி எடுப்பதும், பூத்தின் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்களை உதறிச் சுத்தம் செய்வதும் அதே காற்றுதான். அதில் எண்ணெய் வந்துவிட்டால் இத்தனை இடத்திலும் படியும். ஆகவே ஃபில்டர் கடைக்குப் போவதற்கு முன், எண்ணெய் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். நுழையும் இடத்தை அடைக்காமல் போடும் ஃபில்டர் சீக்கிரமே எண்ணெயில் ஊறிப் போகும். செலவு மட்டும் மிஞ்சும்.

முதலில் குழியைப் பாருங்கள்

எல்லாக் குழியும் எண்ணெய்க் குழி அல்ல. பூதக்கண்ணாடி ஒன்றை ஓவன் வாசலிலேயே தொங்கவிடுங்கள்.

எண்ணெயால் வரும் குழி வட்டமாக இருக்கும். விளிம்பு சற்றே மேடாக எழும்பியிருக்கும். நடுவில் பவுடர் மெலிந்து, சில நேரம் உலோகமே தெரியும். மீன் கண் போலத் தெரிவதால் ‘ஃபிஷ் ஐ’ என்கிறார்கள். இது எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓவனில் பவுடர் உருகிக் கெட்டியான திரவமாகப் பரவும்போது, எண்ணெய் துளி இருக்கும் இடத்தில் பரப்பு இழுவிசை குறைவு. சுற்றியுள்ள இடத்தில் அதிகம். அதனால் உருகிய பவுடர் அந்தத் துளியை விட்டு வெளிப்பக்கமாக விலகுகிறது. விலகிய நிலையிலேயே இறுகியும் விடுகிறது. சாதாரண கம்ப்ரசர் எண்ணெயை விடச் சிலிக்கான் எண்ணெயின் பரப்பு இழுவிசை இன்னும் குறைவு. ஆகவே கண்ணுக்கே தெரியாத அளவு சிலிக்கான் இருந்தாலும் பெரிய குழி விழும்.

பின்ஹோல் வேறு. அது ஊசி முனை அளவுத் துளை; விளிம்பு மேடு இருக்காது. அடியிலிருந்து வாயு வெளியேறியதன் அடையாளம் அது. வார்ப்பு அலுமினியம், கால்வனைஸ்டு தகடு, அளவுக்கு மீறித் தடிமனாக அடித்த பவுடர், ஈரம் இவற்றால் வரும். இதற்குக் கம்ப்ரசரைக் கழற்றிப் பயனில்லை.

கலர் மாற்றிய உடனே எல்லா ஜாபிலும் பரவலாகக் குழி வந்தால், பழைய பவுடரோ பக்கத்து பூத்தின் பவுடரோ கலந்திருக்கும். குறிப்பாக அக்ரிலிக் பவுடர் துளி கலந்தாலும் பாலியெஸ்டர் பவுடர் குழி விடும். ஜாபின் மேல்பக்கத்தில், ஹேங்கருக்கு நேர் கீழே மட்டும் வரிசையாகக் கறை விழுந்தால் கன்வேயர் செயினுக்கு விடும் எண்ணெய் சொட்டுகிறது. மடிப்பு, ஸ்பாட் வெல்டிங் செய்த இரட்டைத் தகடு ஆகியவற்றின் ஓரத்தில் மட்டும் கறை தெரிந்தால், பிரஸ் எண்ணெய் உள்ளே சிக்கியிருந்து ஓவன் சூட்டில் கசிந்து வருகிறது. ஏழு டேங்க் பிராசஸ் வைத்திருந்தாலும் அந்த மடிப்புக்குள் கெமிக்கல் போகாது.

காற்றில் வரும் எண்ணெய்க்கு இடத்தை விட நேரம்தான் நல்ல சாட்சி. எந்தக் கலர், எந்த ஜாப் என்ற பேதமில்லாமல் வரும். ஆனால் சீராக வராது, அலை அலையாக வரும். காலையில் முதல் சில ரேக்குகள் மட்டும் கெட்டு, பிறகு சரியானால், இரவு முழுக்க ஹோஸின் தாழ்ந்த இடத்தில் தேங்கிய எண்ணெய்த் தண்ணீர் முதல் ஊதலில் வெளியே தள்ளப்படுகிறது. மதியத்துக்கு மேல் கெட ஆரம்பித்தால் கம்ப்ரசர் சூடேறி எண்ணெய் ஆவியாகிப் போகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் குழி வந்தால், கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் வாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். டீசல் புகையில் எரியாத எண்ணெய் ஆவி இருக்கிறது. பக்கத்தில் லிக்விட் பெயிண்ட் பூத் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே கெட்ட ஜாப் வரும்போதெல்லாம் மணியையும், அப்போது எது ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

காற்றைச் சோதிப்பது

மலிவான சோதனை கண்ணாடிச் சோதனை. கன்னிலிருந்து, பவுடர் வராத, காற்று மட்டும் வரும் ஹோஸைக் கழற்றுங்கள். ரெகுலேட்டரில் அழுத்தத்தை ஒரு பாருக்கு இறக்குங்கள். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, புதிய வெள்ளைத் துணியால் துடையுங்கள். ஹோஸ் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஐந்து நிமிடம் காற்றைக் கண்ணாடியின் மேல் ஊத விடுங்கள். பிறகு டியூப் லைட் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். படிந்த மூட்டம் ஒரு நிமிடத்தில் மறைந்தால் தண்ணீர். மறையாமல் நின்று, விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு கோடாக நீண்டால் எண்ணெய். சில நேரம் வானவில் நிறமும் தெரியும். இரண்டும் சேர்ந்தே வருவதுதான் பெரும்பாலும் நடப்பது: தண்ணீர் காய்ந்த இடத்தில் எண்ணெய் வட்டம் மிச்சம் நிற்கும்.

லேபில் பயன்படும் வெள்ளை ஃபில்டர் பேப்பரில் பத்து நிமிடம் ஊதினால் சாட்சியைப் பத்திரப்படுத்தலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவும். ஒரு இரவு வைத்தும் அந்தப் புள்ளி காயாவிட்டால் சந்தேகமே வேண்டாம். தேதி எழுதி ஃபைலில் வையுங்கள். பழுது பார்த்த பிறகு மறுபடி ஊதி ஒப்பிடலாம். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கிலும் பார்க்கலாம். பல கனிம எண்ணெய்கள் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். ஆனால் சில செயற்கை எண்ணெய்கள் ஒளிராது. சாதாரண ஜெராக்ஸ் பேப்பரோ எண்ணெய் இல்லாமலேயே ஒளிரும். அதை இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இந்தச் சோதனைகளில் துளி வடிவில் வரும் எண்ணெய் மட்டுமே பிடிபடும். ஆவியாக வருவது தப்பித்துப் போகும். கண்ணாடி சுத்தமாக இருந்தும் குழி நிற்கவில்லை என்றால், தீர்ப்பு சொல்லக்கூடிய சோதனை நைட்ரஜன் சிலிண்டர் சோதனைதான்.

ஒரே தகட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டுங்கள். மூன்றையும் ஆல்கஹாலில் துடையுங்கள். புதுப் பெட்டி பவுடர், சுத்தம் செய்த கன், புதிய பவுடர் ஹோஸ். முதல் தகட்டை வழக்கமான பட்டறைக் காற்றில் அடியுங்கள். அடுத்து, கன்னின் காற்று இணைப்பை ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜன் சிலிண்டருக்கு மாற்றி, பழைய காற்று போகும்வரை ஊத விட்டு, இரண்டாவது தகட்டை அடியுங்கள். மூன்றாவது தகட்டின் மேல் பட்டறைக் காற்றை ஒரு நிமிடம் ஊதிவிட்டு, பிறகு நைட்ரஜனில் அடியுங்கள். மூன்றையும் ஒன்றாக ஓவனில் போடுங்கள்.

முதல் தகடு கெட்டு இரண்டாவது நன்றாக வந்தால் குற்றவாளி காற்று. மூன்றாவதும் கெட்டால், ஊதித் துடைக்கும் ஏர் கன்னே ஜாபின் மேல் எண்ணெய் பூசுகிறது. முதலாவதும் இரண்டாவதும் ஒன்றுபோலக் கெட்டால் காற்றை விட்டுவிட்டு பவுடர், கன், ஓவன் பக்கம் போங்கள். சோதனை நடக்கும்போது பூத்தின் எக்ஸாஸ்ட் கட்டாயம் ஓட வேண்டும். மூடிய இடத்தில் நைட்ரஜன் நிறைந்தால் மூச்சு முட்டும், அதற்கு வாசனையும் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜாப் துடைக்க நம் ஊர்ப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட்தான் பயன்படுகிறது. பனியன் துணியை மெதுமெதுப்பாக்க ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவது வழக்கம். அந்தத் துணியால் கழுவிய ஜாபைத் துடைத்தால், சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துச் சிலிக்கானைத் தேய்க்கிறோம். மெஷின் துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும். பவுடர் அடிக்கப் போகும் பரப்புக்கு லின்ட் இல்லாத, ஃபினிஷிங் போடாத துணி வாங்குங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே, வெல்டிங் தெறிப்பு ஒட்டாமல் இருக்க அடிக்கும் ஸ்பிரே, கைக்குப் பூசும் கிரீம் இவற்றிலும் சிலிக்கான் இருக்கலாம். டப்பாவின் மேல் ‘சிலிக்கான் இல்லாதது’ என்று அச்சிட்டதை மட்டும் பட்டறைக்குள் விடுங்கள்.

கன்னிலிருந்து பின்னோக்கி நடங்கள்

காற்றுதான் என்று உறுதியானால், தேடலைக் கன்னிலிருந்து தொடங்கிக் கம்ப்ரசர் வரை பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஃபில்டர் பேப்பரை வைத்து ஊதிப் பாருங்கள். எந்த இடத்துக்கு முன்னால் சுத்தம், எந்த இடத்துக்குப் பின்னால் எண்ணெய் என்று தெரிந்த இடமே நுழைவாயில்.

முதலில் பார்க்க வேண்டியது எஃப்ஆர்எல் யூனிட். ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் மூன்றும் ஒரே செட்டாக விற்கிறார்கள். இதில் மூன்றாவது, காற்றில் எண்ணெய் துளியைக் கலந்து விடுவதற்காகவே செய்யப்பட்டது. சிலிண்டர், இம்பாக்ட் ரெஞ்சு போன்றவற்றுக்கு அது தேவை. பவுடர் கன் லைனில் அது இருந்தால், காலிக் கிண்ணத்தைப் பார்த்த புது ஆள் நல்ல மனதோடு எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார். கன் லைனில் லூப்ரிகேட்டரைக் கழற்றியே எறியுங்கள். காலியாக விட்டு வைக்காதீர்கள். அதே மெயின் லைனில் வேறு மெஷினுக்கு லூப்ரிகேட்டர் தேவைப்பட்டால், கன்னுக்குத் தனிக் கிளை எடுத்த பிறகு அந்த மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஃபில்டரின் கண்ணாடி போன்ற கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதைத் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கொண்டு கழுவினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அழுத்தம் ஏறும்போது தெறிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். சில செயற்கைக் கம்ப்ரசர் எண்ணெய்களும் பாலிகார்பனேட்டை அரிக்கும். உலோகக் காப்பு இல்லாத கிண்ணத்தை மாற்றிவிடுங்கள். காற்று லைனுக்குப் பிவிசி பைப் போட்டிருந்தால் அதையும் அகற்றுங்கள். அழுத்தக் காற்றில் பிவிசி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாகப் பறக்கும்.

மெயின் பைப்பில் கிளை எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அண்ணாந்து பாருங்கள். கீழ்ப்பக்கமிருந்து எடுத்திருந்தால், பைப்பின் அடியில் ஓடும் எண்ணெயும் தண்ணீரும் நேராகக் கன்னுக்கு வரும். மேல்பக்கமிருந்து எடுத்து, வளைத்துக் கீழே இறக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்தின் கடைசியிலும் ஒரு சேகரிப்புக் குழாயும் டிரெயினும் வேண்டும்.

கம்ப்ரசர்

பெரும்பாலான எண்ணெய் இங்கேதான் பிறக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் அதை அளக்க ஒரு வழி இருக்கிறது: டாப்-அப் கணக்கு.

50 சிஎஃப்எம் கம்ப்ரசர் மணிக்குச் சுமார் 85 கனமீட்டர் காற்றை உறிஞ்சுகிறது. நாளுக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் முழு லோடில் ஓடினால் 17,000 கனமீட்டர். அந்த மாதத்தில் வெளியே கசிவு இல்லாமல் ஒரு லிட்டர் எண்ணெய் டாப்-அப் செய்தீர்கள் என்றால், ஏறக்குறைய 870 கிராம் எண்ணெய் காற்றோடு போயிருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: கனமீட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம். ஒரு பகுதி டேங்க் டிரெயினில் வெளியேறியிருக்கும். மீதி பைப்பில் இருக்கிறது. பவுடர் கன் தயாரிப்பாளர்களின் கையேட்டில் காற்றில் அனுமதிக்கும் எண்ணெய் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். எவ்வளவு தூரம் என்று புரியும். ஆகவே டாப்-அப் செய்யும் தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதுவது ஆயிரக்கணக்கில் செலவாகும் சோதனையை விடப் பயனுள்ளது. போன மாதத்தை விட இந்த மாதம் கூடினால் மெஷின் பேசுகிறது என்று அர்த்தம்.

பிஸ்டன் கம்ப்ரசரில் எண்ணெய் மேலேறக் காரணங்களைச் சுலபமானதிலிருந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் சைட் கிளாஸின் நடுக்கோட்டுக்கு மேல் இருந்தால், கிராங்க் சுழலும்போது அதிகமாகத் தெறித்துச் சிலிண்டர் சுவரில் ஏறும். ‘கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நல்லது’ என்ற நம்பிக்கை இந்த வேலைக்குக் கேடு. அடுத்து ஏர் இன்டேக் ஃபில்டர். அது தூசியில் அடைத்திருந்தால், பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டரில் வெற்றிடம் கூடும். காற்று வராத குறையை ஈடுகட்ட ரிங்கைத் தாண்டிக் கீழிருந்து எண்ணெயை உறிஞ்சும். பவுடர் தூசி பறக்கும் அறையிலேயே கம்ப்ரசரை வைத்திருந்தால் இது வேகமாக நடக்கும். கம்ப்ரசருக்கு வெளிக்காற்று வரும் தனி அறை கொடுங்கள்.

மூன்றாவது ரிங். தேய்ந்த ரிங்கைக் கண்டுபிடிக்கத் தலையைக் கழற்ற வேண்டியதில்லை. லோடில் ஓடும்போது கிராங்க் கேஸ் பிரீதருக்கு மேல் ஒரு தாளைப் பிடியுங்கள். இலேசாகத் துடித்தால் சரி. விட்டு விட்டுத் தாளைத் தூக்கி எறிந்தால் அழுத்தக் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே வருகிறது, எண்ணெய் அதே வழியில் மேலே போகிறது. டெலிவரி வால்வைத் திறந்தால் ஈரமான கருப்புக் கரி தெரியும். புது ரிங் போட்ட பிறகு, அது சிலிண்டரோடு பழகும்வரை எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். அந்தக் காலத்தில் கன் லைனை மூடிவிட்டு டேங்க் டிரெயின் வழியே ஊத விட்டு ஓட்டுங்கள்.

நான்காவது எண்ணெயே. வண்டிக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 என்ஜின் ஆயிலைக் கம்ப்ரசரில் ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. என்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைத்து வைக்கும் சேர்மானம் உண்டு. அது தண்ணீரோடு குழம்பி நுரைக்கும், டேங்கில் பிரியாது, சூட்டில் கரியாகப் படியும். பிஸ்டன் மெஷினுக்குப் பொதுவாகக் கேட்பது விஜி 100 அல்லது விஜி 150 கம்ப்ரசர் ஆயில். ஸ்க்ரூ கம்ப்ரசருக்குப் பெரும்பாலும் விஜி 46. எது என்று உங்கள் மெஷினின் கையேடு சொல்லும். இரண்டு பிராண்டைக் கலக்காதீர்கள். கிராங்க் கேஸை மண்ணெண்ணெய், பெட்ரோல் விட்டுக் கழுவவே கூடாது. மிச்சம் நிற்கும் ஆவி சூடான டெலிவரி பக்கம் போய்த் தீப்பிடிக்கும்.

ஸ்க்ரூ கம்ப்ரசரில் எண்ணெய் காற்றோடு கலந்தே ஓடுகிறது. அதைப் பிரித்தெடுப்பது செபரேட்டர். நல்ல நிலையில் கனமீட்டருக்கு 2, 3 மில்லிகிராம் அளவுதான் தப்பும். திடீரென்று எண்ணெய் கொட்ட ஆரம்பித்தால் செபரேட்டரை வாங்கும் முன் ஸ்கேவெஞ்ச் லைனைப் பாருங்கள். செபரேட்டரின் அடியில் சேரும் எண்ணெயைத் திரும்ப ஸ்க்ரூவுக்கு இழுத்துச் செல்லும் மெல்லிய குழாய் அது. அதன் சைட் கிளாஸில் லோடில் ஓடும்போது எண்ணெய் சிறிதாக ஓட வேண்டும். உலர்ந்து கிடந்தால் உள்ளே இருக்கும் சின்னத் துளை அடைத்திருக்கிறது. எண்ணெய் திரும்பிப் போக வழியில்லாமல் செபரேட்டருக்குள் நிறைந்து காற்றோடு கிளம்புகிறது. துளையைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு மிகச் சொற்பம்.

அதுவும் சரி என்றால்தான் செபரேட்டர். அதற்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் ஒரு பாரை நெருங்கினால், அல்லது கையேட்டில் சொன்ன மணி நேரம் முடிந்தால் மாற்றுங்கள். வித்தியாசம் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தாலும் மகிழ வேண்டாம், எலிமென்ட் கிழிந்திருக்கும். மாற்றும்போது கேஸ்கெட்டில் ஸ்டேப்ளர் பின் போல ஒரு உலோகத் துண்டு அடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது தவறி ஒட்டியது அல்ல. செபரேட்டரில் சேரும் நிலை மின்சாரத்தை மெஷின் உடலுக்குக் கடத்தி, தீப்பொறி வராமல் காப்பதற்காக வைத்தது. அதைப் பிடுங்காதீர்கள்; கேஸ்கெட்டுக்கு மேல் பசையும் பூசாதீர்கள்.

இன்னொரு காரணம் பலர் நினைப்பதே இல்லை: குறைந்த அழுத்தம். கம்ப்ரசர் கொடுப்பதை விடப் பட்டறை அதிகம் இழுத்தால் அழுத்தம் விழும். அப்போது அதே அளவு காற்று அதிகப் பருமனாகி, செபரேட்டர் வழியே வேகமாகப் பாய்ந்து எண்ணெயை அள்ளிக்கொண்டு போகும். இதைத் தடுக்கத்தான் சுமார் 4 பாரில் மினிமம் பிரஷர் வால்வு இருக்கிறது. புது பூத் சேர்த்த மாதத்திலிருந்து எண்ணெய் வருகிறது என்றால், கம்ப்ரசர் போதவில்லை என்று கொள்ளுங்கள்.

‘ஆயில் ஃப்ரீ கம்ப்ரசர் வாங்கிவிட்டால் தீர்ந்ததா?’ என்று கேட்பார்கள். பழைய பைப்பில் ஊறிய எண்ணெய் பல மாதம் வந்துகொண்டிருக்கும். வெளிக்காற்றின் புகையும் உள்ளே வரும். சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, ஒழுங்காகப் பராமரித்த சாதாரண ஸ்க்ரூவும் நல்ல ஃபில்டர் வரிசையும் போதும் என்பது என் கருத்து.

ஃபில்டர் செய்வதும் செய்யாததும்

காற்றின் தரத்துக்கு ஐஎஸ்ஓ 8573-1 என்ற உலகத் தர அளவு இருக்கிறது. தூசி, தண்ணீர், எண்ணெய் என்று மூன்று எண்களால் தரத்தைச் சொல்வார்கள். எண்ணெயில் வகுப்பு 1 என்றால் கனமீட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மிகாமல். வகுப்பு 2 என்றால் 0.1. தண்ணீரில் வகுப்பு 4 என்பது +3 டிகிரி செல்சியஸ் பனிநிலை, அதாவது ஒரு நல்ல ரெஃப்ரிஜரேட்டட் ட்ரையர் தருவது. சப்ளையரிடம் ‘நல்ல ஃபில்டர் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘1.4.1 தர வேண்டும், என் காற்று இத்தனை சிஎஃப்எம், ட்ரையருக்கு வரும் சூடு இத்தனை டிகிரி’ என்று எழுதிக் கேளுங்கள்.

சூட்டைச் சொல்வது முக்கியம். நுண் ஃபில்டர் எண்ணெய்த் துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அட்டவணையில் போட்டிருக்கும் 0.01 பெரும்பாலும் 21 டிகிரியில் அளந்தது. தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரிக் காற்று அதே ஃபில்டர் வழியே போனால், ஆவியாக இருக்கும் எண்ணெய் அப்படியே கடந்துபோய், பூத்தின் ஹோஸில் குளிர்ந்து மறுபடி துளியாகும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: கம்ப்ரசர், ஆஃப்டர் கூலர், டேங்க், முன் ஃபில்டர், ட்ரையர், காற்று குளிர்ந்த பிறகு நுண் ஃபில்டர், தேவைப்பட்டால் கடைசியாக ஆக்டிவேட்டட் கார்பன். ஆவியைப் பிடிப்பது கார்பன் மட்டுமே. ஆனால் அது நிறைந்தாலும் அழுத்த வித்தியாசம் காட்டாது. மீட்டர் பச்சையிலேயே நிற்கும். மணிக்கணக்கு வைத்துத்தான் மாற்ற வேண்டும். கார்பனுக்கு முன் துளி எண்ணெய் வந்தால் அது சில நாளில் செத்துவிடும்.

நுண் ஃபில்டரில் காற்று எலிமென்ட்டின் உள்ளிருந்து வெளியே பாய வேண்டும். தூசி ஃபில்டரில் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே. உடலில் இருக்கும் அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பி மாட்டினால், பிரிந்த எண்ணெய் வடிய வழியில்லாமல் மறுபடி காற்றில் ஏறும். ஆட்டோ டிரெயின் சிக்கிக்கொண்டால் கிண்ணம் நிறைந்தும் அதேதான் நடக்கும். மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு: 35 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் அந்த 50 சிஎஃப்எம் கம்ப்ரசர் முழு லோடில் மணிக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீரைப் பிழிந்து தரும். ஷிப்டுக்கு ஒரு முறை டிரெயின் திறந்தால் போதும் என்ற கணக்கு அந்த நாளில் செல்லாது. ஆட்டோ டிரெயினை நம்புங்கள், ஆனால் தினமும் கையாலும் திறந்து பாருங்கள். எந்தக் கிண்ணத்தைக் கழற்றும் முன்பும் அழுத்தத்தை முழுதாக வெளியேற்றுங்கள்.

எண்ணெய் பட்டதையெல்லாம் கவனியுங்கள்

காரணத்தைச் சரிசெய்த மறுநாளும் குழி வந்தால் மனம் தளர வேண்டாம். ஏற்கெனவே உள்ளே போன எண்ணெய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ரப்பர் ஹோஸைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. எண்ணெயை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மாற்றுங்கள். ஹாப்பரில் இருக்கும் பவுடரைச் சல்லடை போட்டால் எண்ணெய் போகாது. ரெக்கவரி பவுடரையும் சேர்த்து ஒதுக்குங்கள், புதுப் பவுடரில் கலக்காதீர்கள். ஹாப்பரின் அடியில் உள்ள நுண்துளைத் தகட்டைக் கழற்றிக் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு இருந்தால் துளைகளில் எண்ணெய் ஊறியிருக்கிறது. அந்த இடத்தில் பவுடர் மிதக்காமல் செத்துக் கிடக்கும். கன் விட்டு விட்டு அடிக்கும். தகட்டை மாற்றுவதுதான் வழி. கார்ட்ரிட்ஜ் ஃபில்டர்களை மறக்காதீர்கள்: உதறும் காற்று உள்பக்கமிருந்து பாய்வதால் எண்ணெய் சுத்தமான பக்கத்தில்தான் ஊறும். வெளியே பார்த்தால் தெரியாது; பூத்தின் உறிஞ்சல் குறைந்து பவுடர் வெளியே பறப்பதிலிருந்து தெரியும்.

கெட்டுப்போன ஜாபை எடுத்தவுடன் எமரி போடாதீர்கள். எமரி எண்ணெயைப் பரப்பிவிடும். முதலில் சால்வென்ட்டில் துடைத்து, குழியின் அடிவரை தேய்த்து, புதுத் துணியில் மறுபடி துடைத்து, அதன் பிறகு அடியுங்கள்.

டேங்கிலிருந்தும் ஃபில்டரிலிருந்தும் வடியும் எண்ணெய்த் தண்ணீரைப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையில் விடாதீர்கள். ஒரு பேரலில் சேர்த்து, தெளிய விட்டு, எண்ணெயைத் தனியே பிரித்து வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். நம் தொழிற்பேட்டைகளைச் சுற்றி இருப்பவர்கள் குடிப்பதும் பாய்ச்சுவதும் கிணற்றுத் தண்ணீர். அதில் உங்கள் கம்ப்ரசர் எண்ணெய் கலக்க வேண்டாம்.